ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்க்கக் கூடாத தொடர்

‘லெட்ஸ் ஈட்’ கொரியத் தொடரைக் காதல் நகைச்சுவை என்று சொல்லித்தான் எல்லாரும் பரிந்துரைப்பார்கள். அதை நம்பி உட்காருபவர் முதல் பத்து நிமிஷம் யாருக்கு யார் ஜோடி என்று யோசிப்பார். அப்புறம் திரையில் ஒரு சட்டி கொதிக்க ஆரம்பிக்கும். ஜோடியாவது ஒன்றாவது! இரவுச் சாப்பாடு முடித்துக் கை காயாதவர்கூட எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறப்பார். உள்ளே நாளைக்கு அரைத்து வைத்த தோசை மாவு இருக்கும். மூடிவிட்டு வருவார். அடுத்த சாப்பாட்டுக் காட்சி வந்ததும் மறுபடி திறப்பார், இதற்குள் உள்ளே வேறு ஏதாவது முளைத்திருக்காதா என்று.

2013 நவம்பரில் டிவிஎன் சேனலில் தொடங்கி 2014 மார்ச்சில் முடிந்த தொடர் இது. நாயகி லீ சூ-கியுங் விவாகரத்தானவர், வக்கீல் அலுவலகத்தில் வேலை, தனிக்குடித்தனம். பக்கத்து வீட்டில் கூ டே-யங். பிழைப்பு இன்சூரன்ஸ் விற்பது, உயிர்நாடி சாப்பாட்டு வலைப்பூ. இந்த வேடத்தில் யூன் டூ-ஜுன் என்ற பாடகர். நாயகிக்கு நல்ல நாக்கு, கையில் காசும் உண்டு. பிரச்சினை ஒன்றுதான்: ஹோட்டலுக்குத் தனியாகப் போனால் பாதி ஐட்டம் கிடைக்காது.

மிகைப்படுத்தி எழுதிய கதை இல்லை இது. கொரியாவில் மேஜையிலேயே சுட்டுச் சாப்பிடும் இறைச்சி, பெரிய சட்டியில் வரும் குழம்பு போன்றவற்றுக்குப் பல கடைகளில் குறைந்தது இரண்டு ஆள் அளவு ஆர்டர் கொடுத்தாக வேண்டும். கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஒருவர் வந்தாலும் நான்கு பேர் மேஜை போய்விடும். அடுப்பு மூட்ட வேண்டும், கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), முளைகட்டிய பயறு, கீரை என்று தொட்டுக்கொள்ள ஒரு வரிசையே வைக்க வேண்டும். அதெல்லாம் இலவசம், தீர்ந்தால் மறுபடியும் வைப்பார்கள். ஒரு ஆள் காசுக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் 2010 கணக்கெடுப்பிலேயே அங்கே 23.9 சதவீத வீடுகளில் ஒற்றை ஆள்தான். நான்கில் ஒரு வீட்டுக்கு இறைச்சி சுட்டுத் தின்னத் துணை தேவைப்படும் ஊரில், காதலுக்கு வேறு காரணம் தேடுவானேன்?

டே-யங் வெறுமனே சாப்பிடுகிற ஆள் இல்லை. சாப்பிடுவதற்கு முன்னால் பாடம் எடுப்பார். எதிரே இருப்பவர் பசியில் துடித்தாலும் பாடம் முடியாமல் சாப்ஸ்டிக் எடுக்க முடியாது. எரிச்சலூட்டும் குணம்தான், ஆனால் அந்தப் பாடங்களில் விஷயம் இருக்கும்.

பன்றியின் வயிற்றுக்கறியான சம்கியோப்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் உப்பு, மசாலா ஊறல் எதுவும் கிடையாது. ஒரு ஆள் அளவு கடையைப் பொறுத்து 150 முதல் 200 கிராம். சுடும் தட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் கறித் துண்டைப் போட வேண்டும். அவசரப்பட்டால் கறி தண்ணீர் விட்டு, வறுபடாமல் வெந்து சாம்பல் நிறமாகிவிடும். மேலே ஈரம் துளிர்க்கும்போது ஒரு தடவை திருப்பினால் போதும். சும்மா சும்மா புரட்டினால் நிறம் பிடிக்காது. இரு பக்கமும் சிவந்த பின் கத்தரிக்கோலால் வாய்க்கு அடங்கும் அளவில் வெட்டுவார்கள். தட்டைக் கொஞ்சம் சாய்வாக வைப்பது கொழுப்பு வடிவதற்கு. விவரம் தெரிந்தவர்கள் அந்தக் கொழுப்பு ஓடிவரும் பள்ளத்தில் கிம்ச்சியையும் பூண்டுத் துண்டுகளையும் பரப்பிவிடுவார்கள். கறியைவிட அந்தக் கிம்ச்சிக்குத்தான் அடிதடி நடக்கும்.

அடுத்தது மடிப்பு. உள்ளங்கையில் லெட்யூஸ் இலை, அதன் மேல் வாசனையான பெரில்லா இலை. இரண்டையும் தண்ணீர் உதறி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்பு நழுவும். நல்லெண்ணெயில் உப்புக் கலந்து தொட்ட கறி ஒன்று, பூண்டு ஒன்று, சம்ஜாங் விழுது சுண்டைக்காய் அளவு. இந்த விழுதை வீட்டிலேயே கலக்கலாம்: சோயா விழுதான டோஎன்ஜாங் இரண்டு கரண்டி, மிளகாய் விழுதான கொச்சுஜாங் ஒரு கரண்டி, கொஞ்சம் நல்லெண்ணெய், நசுக்கிய பூண்டு, ஒரு சிட்டிகை சர்க்கரை. உப்பு சேர்க்க வேண்டாம், இரண்டு விழுதிலும் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. மடித்ததை ஒரே வாயாகப் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில். ஆசைப்பட்டு இரண்டு கறி வைப்பவர்களுக்கும் இதே கதி. கொரியத் தொடர்களில் ஒருவர் மடித்து இன்னொருவர் வாயில் ஊட்டுவதைக் காதலின் முக்கியக் கட்டமாகக் காட்டுவார்கள். வசதியான நேரம்தான். வாங்கியவரால் குறைந்தது அரை நிமிஷம் பதில் பேச முடியாது.

பதினொன்றரை மணிக்கு வயிற்றுக்கறிக்கு எங்கே போவது? அதனால்தான் பார்ப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பாக்கெட் நூடுல்ஸில் வந்து நிற்கிறார்கள். அதிலும் சொதப்ப இடமுண்டு. 120 கிராம் கொரிய ராம்யோன் பாக்கெட்டுக்கு 550 மில்லி தண்ணீர், நாலரை நிமிஷம். கண்ணளவில் ஊற்றினால் 800 மில்லியைத் தொட்டு, கலர் தண்ணீர்தான் கிடைக்கும். வேகும்போது நூடுல்ஸை இடுக்கியால் இரண்டு மூன்று தடவை வெளியே தூக்கிக் காற்றுக் காட்டினால் இழை குழையாது. தெளிந்த சூப் வேண்டுமென்றால் முட்டையைக் கடைசி நிமிஷத்தில் உடைத்து ஊற்றிக் கலக்காமல் விடுங்கள். முக்கியமான ஒன்று: பாதி நூடுல்ஸை வைத்துவிட்டு அப்புறம் வரலாம் என்று நினைக்காதீர்கள், நிறுத்தி வைக்க வேண்டியது தொடரைத்தான். ஐந்து நிமிஷம் ஆறினால் நூடுல்ஸ் சூப் முழுவதையும் குடித்து ஊதிவிடும்.

இரண்டாம் சீசன் 2015இல் சேஜோங் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது, நாயகி சியோ ஹியூன்-ஜின். சாப்பிடும் காட்சிகளில் டே-யங்கையே மிரட்டியவர் அவர். மூன்றாவது 2018இல் வந்தது. யூன் டூ-ஜுன் கட்டாய ராணுவச் சேவைக்குக் கிளம்பியதால் 14 பகுதிகளோடு அவசரமாக மூட்டை கட்டினார்கள். ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் இரண்டாவதைப் பாருங்கள்.

சட்டிக் குழம்போ காரக் கோழியோ முடிந்ததும் எழுந்துவிடுகிறவர்களைக் கண்டால் டே-யங்குக்கு மட்டுமில்லை, எந்தக் கொரியருக்கும் மனசு ஆறாது. அடியில் இரண்டு மூன்று கரண்டி குழம்பு மிஞ்ச வேண்டும். அதில் ஒரு கிண்ணம் சோறு, பொடியாக நறுக்கிய கிம்ச்சி, பொடித்த கடற்பாசித் தாள், கொஞ்சம் நல்லெண்ணெய் போட்டுக் கிளறி, தட்டையாக அழுத்தி, சின்னத் தீயில் இரண்டு நிமிஷம் தொடாமல் விட வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் கரண்டியை நீட்டும் ஆள் மேஜைக்கு ஒருவர் இருப்பார். கையைத் தட்டிவிடுங்கள், அடி பிடித்து முறுகலானால்தான் சுரண்ட முடியும்.