கொரியப் போரும் ஜப்பானின் மீட்சியும்

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானின் எழுச்சியைப் பற்றிப் பேசும்போது உழைப்பு, ஒழுங்கு, சிக்கனம் ஆகியவற்றையே நாம் காரணமாகச் சொல்லி வருகிறோம். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1950 ஜூன் 25 அன்று கொரியாவில் மூண்ட போரை விட்டுவிட்டு அந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது என்பதே என் கருத்து.

ஜப்பான் அப்போது அமெரிக்கா தலைமையிலான நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. கொரியப் போருக்கு முந்தைய ஆண்டில், அமெரிக்க வங்கியாளர் ஜோசப் டாட்ஜின் திட்டப்படி, பணவீக்கத்தை அடக்குவதற்காக அரசின் செலவுகள் கடுமையாகக் குறைக்கப்பட்டன; ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதமும் நிலைநிறுத்தப்பட்டது. விலைவாசி அடங்கியது, ஆனால் கடன் கிடைக்காமல் தொழில்கள் முடங்கின. டொயோட்டா நிறுவனத்தில் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் முற்றி, நிறுவனர் கீச்சிரோ டொயோடா 1950 ஜூனில் பதவி விலகினார். அடுத்த சில வாரங்களிலேயே அமெரிக்க இராணுவம் அந்நிறுவனத்திடம் லாரிகளை வாங்கத் தொடங்கியது. மணல் மூட்டைக்கான சாக்கு, போர்வை, வாகனப் பழுதுபார்ப்பு என இராணுவத் தேவைகள் பெருகி, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் இவ்வகை டாலர் வரவு ஆண்டுக்கு 80 கோடியைத் தாண்டியது. மூலப்பொருள்களை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இன்றித் தவித்த நாட்டுக்கு அதுவே உயிர்மூச்சாக இருந்தது.

அரசியலில் நேர்ந்த மாற்றம் இதைவிட ஆழமானது. போர் தொடங்கி இரண்டு வாரங்கள் முடிவதற்குள், 75,000 பேர் கொண்ட தேசியக் காவல் சேமப்படையை அமைக்குமாறு ஆக்கிரமிப்புப் படைகளின் தலைவரான அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் பிரதமர் யோஷிதாவுக்குக் கடிதம் எழுதினார். படைபலம் வைத்திருக்கமாட்டோம் என்று அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவு அறிவித்திருந்தும், அப்படை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றி அரசாணை ஒன்றின் வழியாகவே உருவாக்கப்பட்டது. 1954-ல் தற்காப்புப் படையாக வளர்ந்தது அதுவே. மக்களின் பிரதிநிதிகள் விவாதித்துத் தீர்மானித்திருக்க வேண்டிய ஒன்று அவர்களைக் கேளாமலே முடிந்துபோனது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. அதே காலத்தில் கம்யூனிஸ்டுகள் எனக் கருதப்பட்டோர் ஆயிரக்கணக்கில் வேலைநீக்கம் செய்யப்பட, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பொறுப்பு வகித்ததற்காக விலக்கி வைக்கப்பட்டிருந்த பலர் பொதுவாழ்வுக்குத் திரும்பினர்.

1951 செப்டம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சமாதான உடன்படிக்கையும், அமெரிக்கப் படைகள் ஜப்பானில் தொடர்ந்து தங்க இடமளித்த பாதுகாப்பு உடன்படிக்கையும் ஒரே நாளில் கையெழுத்தாயின. முதலாவதில் கையெழுத்திட இரு கொரியாக்களும் அழைக்கப்படவில்லை. அது நடைமுறைக்கு வந்த 1952 ஏப்ரல் 28 அன்று, ஜப்பானில் வாழ்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள், தங்கள் தாயகத்தில் போர் ஓயாத நிலையில், ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர்.