தோற்றாலும் விடாத சிவப்பு: நெப்ராஸ்கா, 2021

ஆகஸ்ட் 28, சனி

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, நம் அணி. சீசனின் முதல் ஆட்டம் அயர்லாந்தின் டப்ளினில் நடந்திருக்க வேண்டியது. கொரோனா வந்து இல்லினாயின் ஊரான சாம்பெயினுக்கு இழுத்துவந்துவிட்டது. இல்லினாயிடம் 22-30 தோல்வி.

எப்படித் தோற்றார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். எதிரணி பன்ட் (பந்தை விட்டுக்கொடுத்துத் தூரமாக உதைத்துத் தள்ளுவது) உதைத்த பந்து நம் கோல் கோட்டருகே வந்து விழுகிறது. தொடாமல் விட்டால் போதும். நம் ஆள் அதைப் பிடித்து, சுற்றி வளைக்கப்பட்டு, பதற்றத்தில் எல்லைக்கு வெளியே எறிந்தார். சேஃப்டி, அதாவது சொந்த கோல் பகுதிக்குள்ளேயே பந்தோடு மாட்டிக்கொண்டதற்கு அவர்களுக்கு 2 புள்ளி. இடைவேளைக்குச் சற்று முன் நம் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) ஏட்ரியன் மார்ட்டினெஸ் கையிலிருந்து பந்து நழுவ, எதிரணி ஆள் அதை 41 கெஜம் ஓட்டிச்சென்று டச்டவுன் (கோல் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி) போட்டார். டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி உதையில் வேறு இரண்டு தவறின. பிறகு மார்ட்டினெஸே 75 கெஜம் ஓடி ஒரு டச்டவுன் போட்டார். ஒரே ஆளிடம் இரண்டும் இருப்பதுதான் இந்த அணியின் சிக்கல்.

செப்டம்பர் 12, ஞாயிறு

ஃபோர்டாமை 52-7, பஃபலோவை 28-3. ஜெயிக்க வேண்டிய ஆட்டங்கள், ஜெயித்தார்கள். எழுத வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 18, சனி

ஓக்லஹோமா அணியுடன், அவர்கள் ஊரான நார்மனில். 1971இல் இந்த இரண்டு அணிகளும் ஆடிய ஆட்டத்தை ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நெப்ராஸ்கா 35-31இல் வென்றது. அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாகத்தான் இன்றைய ஆட்டம்.

நாட்டில் மூன்றாம் இடத்திலிருக்கும் அணி நம்மை நசுக்கிவிடும் என்றார்கள். நசுக்கவில்லை, 16-23. நாம் டச்டவுன் போட்டோம். கூடுதல் ஒரு புள்ளிக்கான உதையைத் தடுத்து, பந்தை மறுமுனை வரை தூக்கிக்கொண்டு ஓடி 2 புள்ளி எடுத்துவிட்டார்கள். நமக்கு வரவேண்டிய ஒன்று போனது மட்டுமல்ல, அவர்களுக்கு இரண்டு தானமாகவும் போனது.

“பரவாயில்லை, ஓக்லஹோமாவோடு ஏழு புள்ளிதானே” என்கிறார்கள் அலுவலகத்தில். எனக்கென்னவோ அந்த ஆறுதல் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 25, சனி, நள்ளிரவு

மிஷிகன் ஸ்டேட். இரண்டாம் பாதியில் நம் தடுப்பாட்டம் அவர்களுக்கு ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூடக் கொடுக்கவில்லை. அதாவது பாதி ஆட்டம் முழுக்க அவர்களால் ஒருமுறைகூட நான்கு வாய்ப்புக்குள் பத்து கெஜம் நகர முடியவில்லை. இதற்குமேல் என்ன செய்ய முடியும்? 20-13 என்று முன்னிலை, சில நிமிடங்கள்தான் பாக்கி.

அப்புறம் ஒரு பன்ட். நம் ஆட்கள் எல்லாரும் ஒரு பக்கம் ஓடுகிறார்கள், பந்து மறுபக்கம் போகிறது. அங்கே அவர்களின் ஜேடன் ரீட் தனியாக நின்றார். 62 கெஜம், டச்டவுன், சமன். கூடுதல் நேரத்தில் மார்ட்டினெஸ் எறிந்ததை அவர்கள் பறித்தார்கள். ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி), 20-23.

அக்டோபர் 2, சனி

நார்த்வெஸ்டர்னை 56-7. இந்த அணியால் இதுவும் முடியும் என்பது கோபத்தைத்தான் கூட்டுகிறது.

அக்டோபர் 9, சனி

இன்று மைதானத்தில் இருந்தேன். நம் அணியின் ஊரான லிங்கனில் ஆட்டநாள் என்றால் ஊரே அணியின் நிறமான சிவப்பு. மெமோரியல் ஸ்டேடியத்தில் எண்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். நிறைந்தால் ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் அதுதான் என்பது இங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்வது. 1962 முதல் எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்ததாகக் கணக்கு. இந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை லீக் எதிலும் ஆடும் அணி கிடையாது. இருப்பது இது ஒன்றுதான்.

மிஷிகன் அதுவரை தோற்காத அணி. இடைவேளையில் 0-13. பிறகு எழுந்தார்கள் பாருங்கள், தொண்டை போய்விட்டது எனக்கு. 29-26 என்று முன்னிலை எடுத்தோம். அவர்கள் சமன் செய்து 29-29. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது பந்து நம்மிடம். மார்ட்டினெஸ் கும்பலுக்குள் சிக்கியும் விழாமல் முன்னே தள்ளிக்கொண்டிருந்தார். விசில் வரவில்லை. மிஷிகனின் பிராட் ஹாக்கின்ஸ் கையை நுழைத்துப் பந்தைப் பிடுங்கிவிட்டார். ஜேக் மூடி 39 கெஜத்திலிருந்து உதைத்தார். 29-32.

வெளியே வரும்போது எங்கள் வரிசைப் பெரியவர், அப்பா காலத்திலிருந்து அதே இருக்கை வைத்திருப்பவர், “அடுத்த வாரம் பார்ப்போம் தம்பி” என்ற அர்த்தத்தில் தோளைத் தட்டினார். அவருக்கு அணி வென்ற ஐந்து தேசியப் பட்டங்களும் நினைவிருக்கின்றன. எனக்கு அந்தப் பொறுமைக்கு மூலதனம் இல்லை.

அக்டோபர் 30, சனி

மினசோட்டாவிடம் 23-30, இன்று பர்டியூவிடம் 23-28. மார்ட்டினெஸ் நான்கு முறை எதிரணிக்கு எறிந்தார்.

நவம்பர் 8, திங்கள்

சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட்டிடம் 17-26. இன்று முடிவு வந்தது: பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் நீடிக்கிறார். 50 லட்சம் டாலர் சம்பளம் 40 லட்சமாகக் குறைகிறது. ஆட்டக்காரர்களைத் தாக்குதலுக்குத் தயார்செய்த நான்கு உதவிப் பயிற்சியாளர்கள் வெளியே.

ஃப்ராஸ்ட் இந்த மண்ணின் பிள்ளை. 1997இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக். 2017இல் சென்ட்ரல் ஃப்ளோரிடாவை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கொண்டுபோனவர். வேறு ஊர்க்காரராக இருந்திருந்தால் நான்காம் வருடத்தில் இந்தச் சலுகை கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். அது இருக்கட்டும், போனவர்கள் எல்லாரும் தாக்குதல் பக்கத்து ஆட்கள். பன்ட்டும் உதையும் கெடுத்த ஆட்டங்களுக்கு இது மருந்தா என்று எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 20, சனி

பதில் உடனே கிடைத்தது. மேடிசனில் ஆட்டம் தொடங்கிய முதல் உதையையே விஸ்கான்சின் 91 கெஜம் ஓட்டி டச்டவுன் ஆக்கியது. மறுபடி மறுபடி சமன் செய்தோம். அவர்களின் பிரேலன் ஆலன் 228 கெஜம் ஓடினார், 28-35.

நவம்பர் 26, வெள்ளி

அயோவா. மார்ட்டினெஸுக்குத் தோளில் காயம், ஆடவில்லை. செப்டம்பரில் தாடை உடைந்தபிறகும் ஆடிக்கொண்டே இருந்தவர் அவர். திட்டியவர்கள், என்னையும் சேர்த்து, அதையும் கணக்கில் வைக்கலாம். அவருக்குப் பதில் லோகன் ஸ்மதர்ஸ் ஆடினார், நன்றாகவே ஆடினார். 21-6 என்று முன்னிலை.

கடைசிக் கால்பகுதியில் நம் பன்ட்டைத் தடுத்து, பந்தை எடுத்து, டச்டவுன். பிறகு ஒரு சேஃப்டி. பிறகு இன்னொரு டச்டவுன். 21-28. ஆகஸ்டில் பார்த்த அதே கைப்பிழைகள், வேறு சட்டை எண்கள்.

நவம்பர் 28, ஞாயிறு

3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பதும் ஒன்பது புள்ளிக்குள். எட்டு ஆட்டங்கள் ஒரே டச்டவுனும் அதன் கூடுதல் புள்ளிகளும் இருந்தால் சமனாகியிருக்கக்கூடியவை. கூட்டிப் பார்த்தேன்: நாம் எடுத்தது 335, கொடுத்தது 272. எதிரணிகளைவிட 63 புள்ளி அதிகம் எடுத்துவிட்டு ஒன்பது தோல்வி.

துரதிர்ஷ்டம் என்று வானொலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம் என்றால் ஒப்புக்கொள்வேன். இல்லினாய், ஓக்லஹோமா, மிஷிகன் ஸ்டேட், விஸ்கான்சின், அயோவா: ஐந்திலும் உதைக்கும் ஆட்கள் களத்தில் இருந்தபோதுதான் கதை திரும்பியது. பன்ட்டைப் பயிற்சி செய்ய யாருக்கும் ஆசை இருக்காது, அதில் பேர் கிடைக்காது. இந்தக் குளிர்காலத்தில் அதற்கென்றே ஒரு பயிற்சியாளரைக் கொண்டுவந்தால்தான் நான் நம்புவேன்.

அடுத்த ஆட்டம் 2022 ஆகஸ்ட் 27, நார்த்வெஸ்டர்னுடன், டப்ளினில். விமானக் கட்டணம் பார்த்தேன். கட்டுப்படியாகாது, டிவிதான்.