சின்னக் குமிழி

1979இல் உயர்தர வகுப்பில் இருந்தவர்களுக்கு ஆய்வுகூடத்தின் ஜன்னலோர மேசை நினைவிருக்கும். மின்விசிறிக் காற்று அங்கே எட்டாது. அதனால்தான் பௌதிக மாஸ்டர் சவர்க்காரக் குமிழிகளை அந்த மேசையில் ஊதுவார். சவர்க்கார நீரில் கொஞ்சம் கிளிசரின் விட்டால் குமிழி கனநேரம் நிற்கும் என்பதும் அவரிடம் கற்றதுதான்.

கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் தேசிக்காய் அளவில் ஒரு குமிழி. மறுமுனையில் அதன் பாதி அகலத்தில் இன்னொன்று. நடுவே மூடித் திறக்கும் திருகு. "திறந்தால் என்ன நடக்கும்? சொல்லுங்கோ." பெரியதிலிருந்து காற்று சின்னதுக்குப் போய் இரண்டும் சமமாகும் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் பேசாமல் திருகைத் திறந்தார். சின்னது சுருங்கியது, பெரியது பருத்தது. வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அப்புறம்தான் கரும்பலகை. திரவத்தின் பரப்பைச் சுருங்க இழுப்பது மேற்பரப்பு இழுவிசை. குமிழிக்குள் உள்ள மிகை அமுக்கம், அந்த இழுவிசையின் நான்கு மடங்கை ஆரையால் வகுத்தால் கிடைக்கும். துளியென்றால் இரண்டு மடங்கு. குமிழிப் படலத்துக்கு உள்ளும் வெளியுமாக இரண்டு பரப்பு. 1 சென்ரிமீற்றர் ஆரைக் குமிழியில் ஏறத்தாழ 10 பஸ்கால், 2 சென்ரிமீற்றரில் 5. அதனால்தான் காற்று சின்னதிலிருந்து பெரியதுக்குப் போனது. பத்துப் பஸ்கால் என்பது ஒரு மில்லிமீற்றர் உயர நீரின் அமுக்கம், அவ்வளவுதான். சமமான இரண்டு குமிழிகளை இணைத்தாலும் அந்தச் சமநிலை நில்லாது. ஒன்று மயிரிழை சுருங்கினால் அதன் அமுக்கம் கூடி மேலும் சுருங்கும்.

மணி அடித்தும் எங்களை விடவில்லை. சின்னது இருந்த குழாய் வாயைக் காட்டினார். அங்கே மெல்லிய படலம் ஒன்று லேசாக வளைந்து நின்றது. "இந்த வளைவின் ஆரையும் பெரிய குமிழியின் ஆரையும் ஒன்று. இனி அசையாது."

2011இல் ரொறன்ரோவில் என் மகளின் பிள்ளை பத்து வாரம் முந்திப் பிறந்தாள். நுரையீரலின் நுண்ணறைகளைத் திறந்து வைத்திருக்கும் சேர்பக்ரன்ற் அவளுக்குப் போதாது என்றார் மருத்துவர். அறை சுருங்கச் சுருங்க மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் அது. அதனால் சின்ன அறை பெரியதற்குள் காலியாகாது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது குறைவு என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். மூச்சுக் குழாய் வழியே சேர்பக்ரன்ற் மருந்தை விட்டபோது, கண்ணாடிக்கு இப்பால் நின்ற எனக்கு மாஸ்டரின் மேசைதான் தெரிந்தது.

போன கோடையில் அவளுக்கு அதே பரிசோதனையைக் குசினி மேசையில் செய்து காட்டினேன். அவளும் இரண்டும் சமமாகும் என்றே சொன்னாள். சின்னது சுருங்கி முடிந்ததும் குழாய் வாயருகே குனிந்து பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அம்மப்பா, இது முழுக்கப் போகேல்லை."