கவிஞர் வாசிக்கும்போது பேனாவை மூடி வையுங்கள்

மட்டக்களப்பு வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு மதிப்பீடு வைத்தார்கள். கவிஞர் ஒருவர் தன் கவிதையைத் தானே வாசித்த ஒலிப்பதிவை இரண்டு தடவை போடுவார்கள். தாளில் கவிதை இருக்காது. கேட்டுவிட்டு ரசனை எழுத வேண்டும். முதல் தடவை எனக்கு 100க்கு 41.

ஏ.எல். (உயர்தர) பரீட்சைக்குக் கவிதை நயம் எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. ஓடுகிற வரிகளைத் துரத்தித் துரத்தி எழுதினேன்; எதுகை, மோனை தேடினேன். அதுவோ புதுக்கவிதை! கவிஞரின் குரலைப் பற்றி என் விடையில் ஒரு சொல் இல்லை.

கரையில் கவிழ்ந்து கிடக்கும் வாப்பாவின் தோணியைப் பார்த்து மகன் யோசிக்கிற கவிதை அது. ஓரிடத்தில் ‘நான்தான் கரையேறிவிட்டேன்’ என்று வரும். ‘நான்தான்’ என்றதும் கவிஞர் நின்றார். மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. மிச்சச் சொல் தணிந்த குரலில் வந்தது. தாளில் படித்தால் படித்து முன்னேறியவனின் பெருமை என்று நினைப்போம். அந்த நிறுத்தம் அதைக் குற்றவுணர்வாக்கிவிட்டது. இதை நான் கவனித்தது, பிறகு நண்பனின் போனில் திரும்பக் கேட்டபோதுதான்.

சரி, எப்படி எழுதுவது? முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை, நின்ற இடத்துச் சொல்லை எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு, குரல் இறங்கிய சொல்லை எழுதி அதன் கீழ் ஒரு கோடு, அவ்வளவுதான். ‘மறுகா’ (பிறகு) மாதிரி நம் ஊர்ச் சொல் வந்தால் அதையும் குறியுங்கள். காதில் விழுந்ததை முதலில் எழுதி, அதனால் பொருள் எப்படி மாறியது என்று அப்புறம் சொல்லுங்கள். ‘உருக்கமாக வாசித்தார்’ என்று மட்டும் எழுதினால் மார்க் கிடைக்காது. எந்தச் சொல்லில் உருகினார்?

பயிற்சிக்குத் தூரம் போகத் தேவையில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் கண்ணகி கதையைச் சொல்லும் ‘கண்ணகி வழக்குரை’ பாடலைப் படிக்கும்போது போய் இருங்கள். கோவலன் கொலைப்படும் இடம் நெருங்க, படிப்பவர் குரல் எங்கே இழுபடுகிறது என்று என் அம்மம்மாவுக்குத் தெரியும். அதற்கு முன்பே முந்தானை கண்ணுக்குப் போய்விடும். அவர் நயம் எழுதியதில்லை.

இரண்டாவது மதிப்பீடு மாரி காலத்தில் வந்தது. தகரக் கூரையில் மழை கொட்ட, கடைசி இரண்டு வரி கேட்கவேயில்லை. ஊகித்து எழுதாமல், கேட்கவில்லை என்றே எழுதினேன். 68 கிடைத்தது.