அவிநாசி சாலையில் ஒரு பழைய பஸ்

எஞ்சின் முன்னால் நீண்டு, ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கான்வாஸ் திரை தொங்கும் பழைய பஸ் ஒன்றில் கோவையின் ஆலைகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து போயிருந்தேன். வண்டி மெதுவாகத்தான் போகும். இந்த ஊரைப் பார்க்க அந்த வேகமே பொருத்தம்.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையிலிருந்து வழிகாட்டி தம் விளக்கத்தை ஆரம்பித்தார். சுற்றுவட்டக் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்ததும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் நூல் எளிதில் அறுபடாததும் தொழிலுக்கு அடித்தளமிட்டன என்றாலும், 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த பிறகே ஆலைகள் வரிசையாக எழுந்தன என்று அவர் சொன்னபோது, நீலகிரி இருக்கும் திசையை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தோம்.

அவிநாசி சாலையில் புதிய மேம்பாலத்தில் ஏறாமல் கீழேயே சென்றோம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் பெயரைத்தான் அந்தப் பாலம் தாங்கியிருக்கிறது. லட்சுமி மில்ஸ் நிறுத்தத்தைக் கடந்து பீளமேட்டை அடைந்ததும், இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது 1937இல் இங்கே உருவான கதையைக் கேட்டோம். ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்த்த பட்டறைகள் வார்ப்படச் சாலைகளாக வளர்ந்து, மோட்டாரும் பம்பும் செய்து, மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கொங்கு உழவரின் ஆழ்கிணறுகளுக்கு அனுப்பின. என் தாத்தாவின் தோட்டத்திலும் அப்படியொரு கோவை மோட்டார் ஓடியதால், இந்தப் பகுதியை மிகுந்த ஈடுபாட்டோடு கேட்டேன்.

ஆலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் எங்களுடன் வந்திருந்தார். "சங்கு ஊதுனா சோத்துப் போசியத் தூக்கிட்டு ஓட்டமா ஓடோணுங்க, தம்பி" என்று வழிகாட்டியிடம் அவர் சொன்னது, முதலாளிகளின் பெயர்களே நிறைந்திருந்த விளக்கத்தில் ஒரு பெரிய குறையை நிரப்பியது.

சின்னியம்பாளையத்தில் வண்டி சிறிது நேரமே நின்றது. ஆலைப் போராட்டத்தையொட்டிய கொலை வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நான்கு தொழிலாளர்களின் ஊர் அது. ஸ்டேன்ஸுக்கும் நாயுடுவுக்கும் ஒதுக்கிய நேரத்தில் பாதியையாவது இந்த நால்வருக்கும் ஒதுக்க வேண்டும் என்றும், அந்தப் பெரியவரைப் போன்றவர்களை இங்கே பேச வைக்க வேண்டும் என்றும் வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் தம் குறிப்பேட்டை எடுத்து, பெரியவரின் கைப்பேசி எண்ணை எழுதிக்கொண்டார்.