சரக்கறையில் தெரியும் தலைமைத்துவம்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தொழிற்கல்லூரி இயக்குநரின் தலைமைத்துவத்தை அறிய, முதலில் பட்டறையின் சரக்கறையைப் பாருங்கள். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வாங்கிய 7018 வகை வெல்டிங் குச்சிகள் (இரும்பைப் பற்றவைக்கும் பூச்சுக் கம்பிகள்) திறந்த பெட்டியில் கிடந்தால், நம்மூர் ஈரக்காற்றை உறிஞ்சிவிடும். அந்தக் குச்சியில் பற்றவைத்தால் இணைப்பில் துளை விழும், விரிசலும் வரலாம். பழி மாணவரின் கைக்குப் போகும். உண்மையில் தவறு, கொள்முதலைத் தவணைகளாகப் பிரிக்காத, குச்சியைச் சூடேற்றி வைக்க அடுப்பு வாங்கித் தராத நிர்வாகத்தினுடையது.

பாதுகாப்பில் கட்டளைதான் சரி. பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் லேத் மெஷின் அருகே நிற்கக்கூடாது. இதில் கருத்துக் கேட்க ஒன்றுமில்லை. பயிற்சித் திட்டத்தில் அதே அதிகாரம் காரியத்தைக் கெடுக்கும். பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இன்று எந்த மெஷின் ஓடுகிறது என்பதைப் பட்டறை விரிவுரையாளரே நேரில் அறிவார். தொழிற்சாலையோடு பேசும் பொறுப்பை அவரிடம் விடுங்கள், உங்கள் ஒப்புதல் கையெழுத்தைத் தாமதிக்காதீர்கள். 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொழில்துறையினரையே நிர்வாகத்தில் அமர்த்தியது. கல்லூரிகள் அதிலிருந்து கற்க நிறைய உண்டு.

புதிய விரிவுரையாளருக்கு முதல் பருவம் முழுக்க நெருங்கிய வழிகாட்டல் வேண்டும்: வகுப்பைப் பார்த்து, அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். பல இடங்களில் தலைகீழ். புதியவரைத் தனியே விட்டுவிட்டு, அனுபவசாலியைத் துருவுகிறார்கள்.

எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) தேர்ச்சி விழுக்காடு மட்டும் போதாது. ஆறு மாதம் கழித்துப் படித்த துறையிலேயே வேலையில் இருப்பவர் எத்தனை பேர், பழுதான மெஷின் எத்தனை நாள் சும்மா நிற்கிறது, இவ்விரண்டையும் மாதந்தோறும் பட்டறைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.