வயிற்றிலா ஊசி போடுவது?

நான் கர்ப்பமாக இருந்தபோது தினமும் ராத்திரி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். எனக்கு உதவியாக செம்பூருக்கு வந்திருந்த அம்மாவுக்கு அதைப் பார்க்கவே முடியாது. “ஏட்டி, பிள்ளை மேல பட்டுராதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். படாது. ஊசி மிகச் சின்னது, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்போடு நின்றுவிடும். கருப்பை அதற்கும் எவ்வளவோ உள்ளே இருக்கிறது.

இதற்கு முன் ஒரு பிள்ளை நான்காம் மாதத்தில் தவறிப்போனது. அப்புறம்தான் ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்று தெரிந்தது. ரத்தம் தேவையில்லாமல் உறைந்து, கர்ப்பமும் கலையக்கூடிய நோய் அது. ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்தக் காத்திருப்பு கொடுமை. அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் மாத்திரையும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபரின் 40 மில்லிகிராம் ஊசியும் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

“இதையும் மாத்திரையாவே தரக்கூடாதா?” என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். இதய வால்வு மாற்றிய அவருடைய அண்ணன் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரைதானே சாப்பிடுகிறார்! ஆனால் வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும். முக்கியமாக 6 முதல் 12 வாரத்துக்குள் மூக்கு, எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். எனாக்ஸாபரின் மூலக்கூறு பெரியது, தாண்டாது. வாய்வழி கொடுத்தால் உடம்பில் சேராது, அதனால்தான் ஊசி. (செயற்கை வால்வு வைத்த பெண் கர்ப்பமானால் கணக்கே வேறு. இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.)

மருந்து நிரப்பியே வரும் இந்த சிரிஞ்சில் இருக்கும் காற்றுக் குமிழியை வெளியே தள்ளக்கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். அப்படியும் வயிறெல்லாம் நீலத் திட்டுகள்தான்.

கர்ப்பிணிகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, கடைசி ஊசி எப்போது போட்டீர்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். பிரசவ வலி தெரியாமல் மரத்துப்போக முதுகில் எபிடூரல் ஊசி போட, 40 மில்லிகிராம் டோஸுக்கு அப்புறம் 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அதிக டோஸ் என்றால் 24. இல்லாவிட்டால் தண்டுவடத்தின் பக்கத்தில் ரத்தம் கசிந்து தேங்கும் ஆபத்து உண்டு. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி ஃபைலின் மேலேயே நேரத்தை எழுதி வந்தோம். வலி தொடங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் போன் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகள் பிறந்ததும், “இனி எதுக்கு ஊசி, பால் குடிக்கிற பிள்ளை” என்றார்கள் வீட்டில். தாய்ப்பால் கொடுக்கும்போது இதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். டாக்டர் சொன்ன 6 வாரமும் நான் விடவில்லை. ரத்தம் உறையும் ஆபத்து கர்ப்ப காலத்தைவிடப் பிரசவம் முடிந்த அந்த வாரங்களில்தான் அதிகம்.